லேப்டாப்பில் கேம் தகராறு செய்தால்: கிராபிக்ஸ் டிரைவரைப் பார்த்துப் புதுப்பிக்கும் முறை

மன்னார்குடியில் எங்கள் தெருப் பிள்ளைகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவது பெரும்பாலும் பரீட்சை முடிந்த மே மாதத்தில்தான். "அண்ணே, கேமைத் திறந்தா சத்தம் வருது, படம் வரல" என்பான் ஒருவன். "நேத்து வரைக்கும் ஓடுச்சுண்ணே, இன்னிக்குத் தானா மூடிக்குது" என்பான் இன்னொருவன். பின்னாலேயே அவன் அப்பா நிற்பார். அவருக்கு ஒரே கேள்விதான்: "புதுசா வாங்கணுமா தம்பி?"

சம்பா அறுத்த காசில் வாங்கிக் கொடுத்த லேப்டாப் அது. அந்தக் கேள்விக்கு யாரும் அவசரப்பட்டு ஆமாம் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஒரு ரூபாய் செலவில்லாமல், கிராபிக்ஸ் டிரைவரை ஒழுங்காக மாற்றியே சரியான லேப்டாப்கள் நிறையப் பார்த்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு டிரைவரை மாற்றி, ஓடிக்கொண்டிருந்ததையும் கெடுத்துக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். என்ன சிப், என்ன கோளாறு என்று தெரிந்த பிறகு கை வைத்தால் இரண்டாவது வகையில் சேர மாட்டீர்கள்.

இது முழுக்க விண்டோஸ் 10, 11 லேப்டாப்களுக்கானது. இதற்கு முன் டிரைவர் பக்கமே போகாதவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

டிரைவர் என்ன வேலை செய்கிறது

நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஆற்றில் தண்ணீர் இருக்கிறது, வயலில் பயிர் இருக்கிறது. எந்த ஷட்டரை எவ்வளவு தூக்கினால் எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு போகும் என்று தெரிந்தவர் நடுவில் நிற்கும் லஸ்கர். அவர் இல்லாவிட்டால் ஆறு நிறைய ஓடினாலும் கடைமடைக்கு ஒரு சொட்டு வராது.

லேப்டாப்பில் அந்த லஸ்கர் வேலையைச் செய்வதுதான் டிரைவர். "இந்த மரத்தை வரை, இந்த நிழலைப் போடு" என்று கேம் கேட்பது டைரக்ட்எக்ஸ், வல்கன், ஓப்பன்ஜிஎல் போன்ற பொது மொழியில். கிராபிக்ஸ் சிப்புக்கு அது நேரடியாகப் புரியாது. டிரைவர்தான் அதைச் சிப்புக்குப் புரியும் கட்டளையாக மாற்றிக் கொடுக்கிறது. புது கேம் புது விதமாகக் கேட்கும்போது பழைய டிரைவர் தடுமாறும். அதனால்தான் பெரிய கேம் ஒன்று வெளியாகும் நாளை ஒட்டி என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூன்றுமே புது டிரைவர் விடுகின்றன.

முதலில், இது டிரைவர் கோளாறுதானா?

நம் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை வைத்திருக்கிறார்கள்: "லேக் அடிக்குது." இதைப் பிரித்துப் பார்க்காமல் டிரைவரில் கை வைப்பது வீண்.

எதிராளி இங்கே இருந்து அங்கே தாவுகிறான், நீங்கள் சுட்ட குண்டு அரை நொடி கழித்துப் படுகிறது, ஆனால் நீங்கள் மவுஸை நகர்த்தினால் திரை வழுக்கிக்கொண்டு நகர்கிறது. அப்படியென்றால் அது நெட் கோளாறு. டவர் தூரமாக உள்ள கிராமத்தில் போன் ஹாட்ஸ்பாட் போட்டு விளையாடினால் இது சகஜம். எந்த டிரைவரும் இதைச் சரிசெய்யாது. மவுஸை நகர்த்தும்போதே திரை திக்கித் திக்கி நகர்கிறது என்றால் கிராபிக்ஸ் பக்கம் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் நெட்டை அணைத்துவிட்டு, தனியாக ஆடும் கேம் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் திக்கினால் நெட்டின் மேல் பழி போட வேண்டாம்.

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு படிப்படியாக மந்தமாகி, விசிறி அலறுகிறதா? அது சூடு. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

டிரைவரைச் சந்தேகிக்க வேண்டிய அடையாளங்கள் வேறு மாதிரி இருக்கும். சத்தம் வந்து திரை கருப்பாகவே நிற்பது. சுவரும் தரையும் மினுங்குவது, ஆட்களின் உடம்பில் முக்கோண முக்கோணமாகக் கிழிசல் தெரிவது. ஒரு செய்தியும் காட்டாமல் கேம் மூடிக்கொண்டு டெஸ்க்டாப்புக்கு வந்துவிடுவது. "டிரைவர் பழையது" என்று கேமே எச்சரிப்பது. நடுவில் திரை ஒரு நொடி அணைந்து, டிஸ்பிளே டிரைவர் பதில் சொல்லவில்லை, மீண்டுவிட்டது என்ற பொருளில் அறிவிப்பு வருவது. இந்தக் கடைசி விஷயத்துக்கு ஒரு காரணம் உண்டு: சிப் 2 நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் அது உறைந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு விண்டோஸே டிரைவரைத் திரும்பத் தொடங்கிவிடும்.

மைன்கிராஃப்ட் ஆடும் சின்னப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வருவது ஜிஎல்எஃப்டபிள்யூ எரர் 65542. ஓப்பன்ஜிஎல் தெரிந்த டிரைவர் இந்த லேப்டாப்பில் இல்லை என்று அது சொல்கிறது. விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தவர் கிராபிக்ஸ் டிரைவர் போட மறந்திருப்பார். பத்து நிமிட வேலை.

இன்னொரு பக்கம், வேலரண்ட் திறக்கும்போது வேன் 9001 என்று வந்தால் டிரைவரைத் தொடவே வேண்டாம். அந்த கேம் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் இயங்க வேண்டும் என்று கேட்கிறது. விண்டோஸ் தொடங்குவதற்கு முன் வரும் பயாஸ் அமைப்பில் பார்க்க வேண்டிய விஷயம் அது.

உங்கள் லேப்டாப்பில் என்ன சிப் இருக்கிறது

விண்டோஸ் பட்டனைப் பிடித்துக்கொண்டு எக்ஸ் எழுத்தை அழுத்துங்கள். வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்ற வரியை விரியுங்கள். அதன் கீழே என்ன பெயர் இருக்கிறதோ அதை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் படம் எடுத்தாலும் சரி.

அங்கே மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர் என்று மட்டும் இருந்தால் டிரைவரே இல்லை என்று பொருள். லஸ்கர் வரும் வரை விண்டோஸ் போட்டு வைத்த தற்காலிக ஆள் அது. படம் காட்டும், கேம் ஓட்டாது. பெயருக்கு முன் மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதை இரண்டு முறை கிளிக் செய்து, என்ன கோடு (Code) எண் காட்டுகிறது என்று பாருங்கள். கோடு 43 என்றால் சாதனமே கோளாறு சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்தி வைத்திருக்கிறது. சுத்தமாக டிரைவர் போட்டும் 43 திரும்பி வந்தால் சிப்பே பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டு பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம். இன்டெல் யுஎச்டி ஒன்று, என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 ஒன்று என்று இருக்கும். முதலாவது பிராசசருடன் ஒட்டிப் பிறந்த சின்னச் சிப். இரண்டாவது கேமுக்கென்று தனியாக வைத்த கார்டு. இரண்டுக்கும் தனித்தனி டிரைவர் வேண்டும்.

இன்டெல் மட்டும் உள்ளவர்கள் பிராசசர் எத்தனையாவது தலைமுறை என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐ5-8250யு என்றால் கோட்டுக்குப் பின் வரும் 8தான் தலைமுறை. ஐ5-1135ஜி7, ஐ5-10210யு போல 1இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கத்தையும் சேர்த்து 11, 10 என்று படிக்க வேண்டும்.

இப்போது இருக்கும் டிரைவரின் வயதைத் தெரிந்துகொள்ள கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) என்பதைத் தொட்டால் டிரைவர் எண், தேதி, டைரக்ட்எக்ஸ் பதிப்பு மூன்றும் ஒரே இடத்தில் தெரியும்.

என்விடியா வைத்திருப்பவர்களை இந்த எண் ரொம்பக் குழப்பும். விண்டோஸ் 31.0.15.3623 என்று காட்டும், என்விடியா தளத்தில் 536.23 என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான். புள்ளிகளை மறந்துவிட்டுக் கடைசி ஐந்து இலக்கத்தை மட்டும் எடுங்கள்: 53623. மூன்றாவது இலக்கத்துக்குப் பின் புள்ளி வைத்தால் 536.23. இது தெரியாமல், ஏற்கெனவே இருக்கும் டிரைவரையே முக்கால் ஜிபி செலவழித்துத் திரும்ப இறக்கியவர்கள் உண்டு.

கை வைப்பதற்கு முன் மூன்று காரியம்

ஒன்று, கரண்ட். பழைய லேப்டாப்பில் பேட்டரி செத்துப்போய், பிளக்கில் சொருகினால்தான் ஓடும் என்ற நிலைமை இருக்கும். அப்படி ஒன்றுக்கு ஓர் ஐப்பசி மழை இரவில் டிரைவர் போட்டுக்கொண்டிருந்தேன். பழைய டிரைவர் நீங்கி, புதியது பாதி ஏறியிருந்தபோது கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்தபோது எழுத்தெல்லாம் கட்டை கட்டையாக, திரை மினுக்கிக்கொண்டே இருந்தது. அத்தியாவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸைத் திறக்கும் சேஃப் மோடில் போய் எல்லாவற்றையும் துடைத்துத் திரும்பப் போட்டதில் இரவு ஒரு மணி ஆயிற்று. அந்தப் பெண்ணுக்கு மறுநாள் காலை கல்லூரியில் புராஜெக்ட் காட்ட வேண்டும். அன்று பட்ட பதற்றம் இன்னும் மறக்கவில்லை. பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் பாதிக்கு மேல் சார்ஜ் ஏற்றி, சார்ஜரையும் சொருகிவிட்டுத் தொடங்குங்கள். பேட்டரி இல்லையென்றால் மழை நாளில், கரண்ட் வந்து வந்து போகும் நேரத்தில் இந்த வேலை வேண்டாம்.

இரண்டு, பிட்லாக்கர் சாவி. விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும், அது உரிமையாளருக்கே தெரியாது. சேஃப் மோடுக்குப் போகும்போது 48 இலக்க ரிகவரி கீ கேட்கும். அதைக் கொடுக்க முடியாவிட்டால் உள்ளே உள்ள படிப்பு, போட்டோ எதையும் எடுக்க முடியாமல் போகலாம். லேப்டாப்பில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டிருக்கிறீர்களோ அதை போனில் திறந்து, ரிகவரி கீ பகுதியில் அந்த எண்ணைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் சோம்பல் படாமல் செய்யுங்கள்.

மூன்று, ரிஸ்டோர் பாயிண்ட். ஸ்டார்ட்டில் ரிஸ்டோர் பாயிண்ட் என்று தேடினால் சிஸ்டம் புரொடெக்‌ஷன் திறக்கும். அது ஆஃப் ஆகி இருந்தால் சி டிரைவுக்கு ஆன் செய்துவிட்டு, கிரியேட் கொடுங்கள். ஏதாவது கெட்டுப்போனால் இன்றைய நிலைமைக்குத் திரும்பி வர இது ஒரு வழி.

எங்கே இருந்து இறக்குவது

மூன்று இடம் உண்டு. எது யாருக்கு என்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள்.

லேப்டாப் கம்பெனியின் சொந்தத் தளம் முதலாவது. லேப்டாப்பின் அடியில் ஒட்டிய சீட்டில் உள்ள மாடல் எண்ணையோ சீரியல் எண்ணையோ அங்கே கொடுத்தால் அந்த மாடலுக்கென்று சோதித்த டிரைவர் கிடைக்கும். கொஞ்சம் பழையதாக இருக்கும், ஆனால் வெளிச்சம் கூட்டும் பட்டன், தூக்க நிலையில் இருந்து எழுவது போன்ற சின்னச் சின்ன விஷயங்கள் கெடாது. பேசிக் டிஸ்பிளே அடாப்டர் மட்டும் தெரியும் லேப்டாப்பாக இருந்தால் இங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது சிப் செய்த கம்பெனியின் தளம். புது கேம் கேட்கும் டிரைவர் இங்கேதான் முதலில் வரும். என்விடியா தளத்தில் கார்டு வரிசையைத் தேர்ந்தெடுக்கும்போது நோட்புக்ஸ் என்று போட்டிருப்பதை எடுங்கள். அது லேப்டாப்புக்கானது. கேம் ரெடி, ஸ்டுடியோ என்று இரண்டு வகை காட்டும். கேமுக்கு முதலாவது போதும். 2024 நவம்பரில் வந்த என்விடியா ஆப் வைத்துக்கொண்டால் அதுவே தேடித் தரும், பழைய ஜிஃபோர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் போல கணக்குத் திறக்கச் சொல்லாது. ஏஎம்டிக்கு அட்ரினலின், இன்டெலுக்கு டிரைவர் அண்ட் சப்போர்ட் அசிஸ்டன்ட்.

மூன்றாவது விண்டோஸ் அப்டேட். செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று போனால் டிரைவர் பட்டியல் இருக்கும். அவசரமில்லாதவர்களுக்கு இது பத்திரமான வழி.

இந்த மூன்றுக்கும் வெளியே போகாதீர்கள். "உங்கள் லேப்டாப்பில் 23 டிரைவர் பழையது" என்று பயமுறுத்தி, ஒரே கிளிக்கில் எல்லாம் மாற்றித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். கூடவே வேறு குப்பைகளையும் இறக்கிவிட்டு, கடைசியில் பணம் கேட்கும். டிரைவருக்கு எந்தக் கம்பெனியும் காசு வாங்குவதில்லை.

டேட்டா கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு டிரைவர் ஃபைல் 500 மெகாபைட்டுக்கு மேல், சில நேரம் 1 ஜிபியை ஒட்டி வரும். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருப்பவர்கள், அன்றைய டேட்டா புதுப்பிக்கப்படும் நள்ளிரவுக்கு முன், மிச்சம் இருப்பதில் இறக்கலாம். இறக்கிய ஃபைலை அழித்துவிடாமல் பென் டிரைவில் வைத்திருங்கள். இரண்டு மாதம் கழித்து அதுவே உயிர் காக்கும்.

புதியது எல்லாம் நல்லது என்ற நினைப்பும் வேண்டாம். இன்டெல் 4ஆம் தலைமுறை சிப்புகளில் பாதுகாப்பு ஓட்டை ஒன்று கண்டுபிடித்தார்கள். அதை அடைக்க 2020இல் வந்த டிரைவர், அந்தச் சிப்புகளில் டைரக்ட்எக்ஸ் 12ஐயே நிறுத்திவிட்டது. புதுப்பித்தவர்களிடம் டைரக்ட்எக்ஸ் 12 கேட்கும் கேம் அதற்குப் பிறகு திறக்கவில்லை. 2010 மார்ச்சில் என்விடியா விட்ட 196.75 டிரைவர் விசிறி வேகத்தைக் கெடுத்து, கார்டுகள் சூடேறியதால் திரும்பப் பெறப்பட்டது. இப்போது கேம் நன்றாக ஓடுகிறது, எச்சரிக்கை எதுவும் இல்லை என்றால், டிரைவர் வந்த அன்றே பாய்ந்து போட வேண்டிய அவசியம் இல்லை. ஒன்றிரண்டு வாரம் பொறுத்துப் போடுங்கள்.

இன்ஸ்டால் செய்வது

1. கேம், கேம் லாஞ்சர் (கேமைத் திறந்துவிடும் செயலி), பிரவுசர் எல்லாவற்றையும் மூடுங்கள்.

2. ஃபைல் இறங்கி முடிந்ததும் வைஃபையை அணைத்துவிடுங்கள். நீங்கள் ஒரு பக்கம் போடும்போது விண்டோஸ் அப்டேட் இன்னொரு பக்கம் தன் டிரைவரைத் திணிக்காமல் இருக்க இது உதவும்.

3. ஃபைலை இரண்டு முறை கிளிக் செய்யுங்கள். என்விடியாவில் எக்ஸ்பிரஸ், கஸ்டம் என்று கேட்கும். கோளாறு இருப்பதால் போடுகிறவர்கள் கஸ்டம் எடுத்து, கிளீன் இன்ஸ்டலேஷன் என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். பழைய அமைப்புகள் நீங்கிப் புதிதாக ஏறும். ஏஎம்டியில் ஃபேக்டரி ரீசெட் என்று அதே வசதி உண்டு.

4. நடுவில் திரை கருப்பாகும், மினுங்கும், ஐகான்கள் பெரிதாகும். பயப்படாதீர்கள், பவர் பட்டனைத் தொடாதீர்கள். பத்து நிமிடத்துக்கு மேலும் கருப்பாகவே இருந்தால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். டிரைவரைத் திரும்பத் தொடங்கச் சொல்லும் கட்டளை அது.

5. முடிந்ததும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் கொடுத்துத் திரும்பப் போடுவது விண்டோஸில் முழு ரீஸ்டார்ட் ஆகாது. ரீஸ்டார்ட் என்ற சொல்லையே அழுத்துங்கள்.

இரண்டு சிப் உள்ளவர்கள் இன்டெல் அல்லது ஏஎம்டி சின்னச் சிப்பின் டிரைவரை முதலில் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, பிறகு தனிக் கார்டின் டிரைவரைப் போடுங்கள்.

புது டிரைவருடன் கேமை முதல் முறை திறக்கும்போது முன்பைவிட மோசமாகத் திக்கலாம். டிரைவர் மாறினால், ஏற்கெனவே தயாரித்து வைத்த ஷேடர்கள் (காட்சியை வரையச் சிப்புக்குத் தரும் சிறு நிரல்கள்) செல்லாமல் போய், எல்லாம் திரும்பத் தயாராக வேண்டும். ஷேடர் கம்பைல் என்று கேமே காட்டினால் அது முடியும் வரை விடுங்கள். ஓர் அரை மணி நேரம் ஆடிப் பார்த்த பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

கார்டு இருந்தும் கேம் அதில் ஓடாவிட்டால்

என்னிடம் வந்ததில் மிகவும் வருத்தப்பட வைத்தது வலங்கைமான் பக்கத்துப் பையன் ஒருவனின் லேப்டாப். கேம் ஆடவே பிறந்த கார்டு அதில் இருந்தது. ஆனாலும் பத்து வருடப் பழைய லேப்டாப் போல ஊர்ந்தது. ஊர் பேர் வேண்டாம், ஒரு கடையில் போர்டு போய்விட்டது என்று சொல்லி 9,000 ரூபாய் கேட்டிருந்தார்கள். அவன் அம்மா நகையை வைக்கலாமா என்ற யோசனையில் இருந்தார். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக் கேமை ஓட்டிப் பார்த்தோம். ஜிபியு 0, அதாவது இன்டெல் சின்னச் சிப், நூற்றுக்கு நூறு திணறிக்கொண்டிருந்தது. ஜிபியு 1, அந்த நல்ல கார்டு, பூஜ்யத்தில் சும்மா நின்றது. ஆற்றில் தண்ணீர் புரண்டு ஓட, தவறான வாய்க்காலைத் திறந்து வைத்த கதைதான்.

இதற்கு வைத்தியம் இரண்டு நிமிடம். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, கிராபிக்ஸ் என்று போங்கள். பட்டியலில் உங்கள் கேம் இல்லாவிட்டால் சேர்க்கும் பட்டனை அழுத்தி, கேம் இருக்கும் ஃபோல்டரில் அதன் இயங்கும் ஃபைலைக் காட்டுங்கள். பிறகு அதன் ஆப்ஷனில் ஹை பெர்ஃபார்மன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். அதன் அடியில் உங்கள் தனிக் கார்டின் பெயர் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். லாஞ்சரைக் காட்டிவிட்டுக் கேமை விட்டுவிடுவது பலர் செய்யும் பிழை. ஓட வேண்டிய ஃபைலையே காட்ட வேண்டும்.

அப்படியே சார்ஜர் சொருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது தனிக் கார்டுக்குப் போகும் மின்சாரத்தை லேப்டாப் குறைத்துவிடும். அந்தப் பையனின் லேப்டாப் அன்று சாயங்காலமே சரியாகி வீட்டுக்குப் போனது.

புதுப்பித்த பின் மோசமானால்

முதல் வழி ரோல் பேக். டிவைஸ் மேனேஜரில் சிப்பின் பெயரை இரண்டு முறை கிளிக் செய்து, டிரைவர் பகுதியில் ரோல் பேக் டிரைவர் கொடுங்கள். முந்தைய டிரைவர் திரும்பி வரும். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் பழையது சேமிப்பில் இல்லை. அப்போது பென் டிரைவில் வைத்த பழைய ஃபைலையோ, லேப்டாப் கம்பெனியின் தளத்தில் இருப்பதையோ போடுங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் டிடியு, அதாவது டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர். வாக்னார்டுசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பழைய டிரைவரின் மிச்சம் மீதியை வேரோடு எடுக்கும். ஒவ்வொரு முறையும் தேவைப்படாது, கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள். போட வேண்டிய டிரைவர் ஃபைலையும் டிடியுவையும் முதலிலேயே இறக்கி வைத்துவிட்டு நெட்டை அணையுங்கள். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் அழுத்தினால் நீலத் திரை வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். பிறகு வரும் பட்டியலில் 4ஐ அழுத்தினால் சேஃப் மோடு. எழுதி வைத்த 48 இலக்கம் இங்கேதான் தேவைப்படும். டிடியுவைத் திறந்து, ஜிபியு, சிப் கம்பெனி இரண்டையும் தேர்ந்தெடுத்து, கிளீன் அண்ட் ரீஸ்டார்ட் கொடுங்கள். திரும்ப வந்ததும் நெட் இல்லாமலேயே டிரைவரைப் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, அதன் பிறகு வைஃபையை ஆன் செய்யுங்கள்.

ஏஎம்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. நன்றாகப் போட்டு வைத்த டிரைவரை விண்டோஸ் அப்டேட் பின்னால் வந்து மாற்றிவிடும். அட்ரினலினைத் திறந்தால், விண்டோஸ் டிரைவரை மாற்றியிருக்கலாம் என்று அது முறையிடும். ஸ்டார்ட்டில் டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ் என்று தேடி, அங்கே நோ கொடுத்துவிட்டு, டிரைவரை மறுபடி போடுங்கள்.

டிரைவரால் ஆகாதவை

பழைய சிப்புக்குக் கால எல்லை உண்டு. ஜிடிஎக்ஸ் 1050, எம்எக்ஸ் 130, எம்எக்ஸ் 150 போன்ற, மேக்ஸ்வெல், பாஸ்கல் என்ற பழைய தலைமுறை கார்டுகளுக்கு கேம் ரெடி டிரைவர் 2025 அக்டோபருடன் நின்றுவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். இன்டெல் 6 முதல் 10ஆம் தலைமுறை வரை 2022இலேயே பழைய பிரிவுக்குப் போய்விட்டன. இவற்றில் கடைசியாக வந்த டிரைவரைப் போட்டு, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்ததையும் கணக்கில் வையுங்கள்.

2011இல் தமிழக அரசு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கிய காலத்து இயந்திரங்கள் இன்னும் சில வீடுகளில் ஓடுகின்றன. அந்த ஆண்டு வந்த இன்டெல் எச்டி 3000 சிப்புக்கு டைரக்ட்எக்ஸ் 10.1 வரைதான் தெரியும். 12 கேட்கும் கேமை எந்த டிரைவராலும் அதில் ஓட்ட முடியாது. அந்த லேப்டாப்பில் பழைய கிரிக்கெட் கேம் ஒன்றைத் தாராளமாக ஆடலாம். இதைப் பிள்ளைகளிடம் நேராகச் சொல்லிவிடுவது நல்லது. டிரைவர் டிரைவராகத் தேடி ஒரு வாரம் வீணாக்க மாட்டார்கள்.

தனிக் கார்டு இல்லாத லேப்டாப்பில் சின்னச் சிப் லேப்டாப்பின் ராம் நினைவகத்தையே பங்கு போட்டுக்கொள்ளும். 8 ஜிபி ஒரே குச்சியாக இருந்து, இன்னொரு இடம் காலியாக இருந்தால், அதே அளவில் இன்னொன்று போடுவது டிரைவரைவிட அதிக வித்தியாசம் காட்டும். இரண்டு குச்சியும் சேர்ந்து ஓடும்போது சிப்புக்குத் தரவு போகும் வழி இரட்டிப்பாகிறது.

சூட்டுக்கு வருகிறேன். தை, மாசியில் அறுவடை மெஷின் வயலில் இறங்கினால் ஊரெல்லாம் தூசியும் சுணையும்தான். திண்ணையில், நெல் காயும் வாசலுக்குப் பக்கத்தில் லேப்டாப் வைத்து ஆடினால் அது அத்தனையையும் விசிறி உள்ளே இழுக்கும். ஒரு முறை திறந்தபோது விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே கம்பளி மாதிரி ஒரு படலம் அடைத்திருந்தது. சிப் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். தனிக் கார்டாக இருந்தால் அதன் வெப்பம் டாஸ்க் மேனேஜரிலேயே தெரியும். அது ஏற ஏற கேம் மந்தமானால் டிரைவரை விட்டுவிட்டு, தெரிந்தவரிடம் கொடுத்து விசிறியைச் சுத்தம் செய்து, புதிய தெர்மல் பேஸ்ட் வைக்கச் சொல்லுங்கள். மெத்தையில், தலையணையில் வைத்து ஆடாதீர்கள். அடியில் காற்று போக இரண்டு பக்கமும் ஒரு நோட்டுப் புத்தகம் உயரத்துக்கு முட்டுக் கொடுத்தால்கூட வித்தியாசம் தெரியும்.

யாரிடமாவது உதவி கேட்கும்போது

"கேம் ஓடலண்ணே" என்று மட்டும் சொன்னால் பதில் சொல்கிறவர் இருபது கேள்வி கேட்க வேண்டியிருக்கும். மேலே எழுதச் சொன்ன தாளையே பார்த்துச் சொல்லுங்கள். சிப்பின் பெயர், டிரைவர் எண், விண்டோஸ் எது, கோளாறு எப்போது எப்படி வருகிறது, அதற்கு முன்னால் என்ன மாற்றினீர்கள். போன வாரம் கூத்தாநல்லூரில் இருந்து பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இப்படி அனுப்பியிருந்தாள்: "அண்ணா, இன்டெல் யுஎச்டி 620ம் எம்எக்ஸ் 130ம் இருக்கு. விண்டோஸ் 11. என்விடியா டிரைவர் நம்பர் கடைசி அஞ்சு 53623. கேம் மெனு வரைக்கும் வருது, மேட்ச் தொடங்கினா டெஸ்க்டாப்புக்கு வந்துடுது. ஞாயிற்றுக்கிழமை கேம் அப்டேட் ஆச்சு, அதுல இருந்துதான். சார்ஜர் போட்டுத்தான் ஆடுறேன்." ஒரு கேள்விகூடத் திரும்பக் கேட்காமல் பதில் அனுப்ப முடிந்தது: எம்எக்ஸ் 130க்கு வந்த கடைசி 580 வரிசை டிரைவரை, கிளீன் இன்ஸ்டலேஷன் டிக் போட்டு, ராத்திரி டேட்டா மிச்சம் இருக்கும்போது இறக்கிப் போடும்மா.